வாய் திறக்காத மீன்

தொட்டிக்குள் அந்த ஆண் மீன் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது.

தினகரன் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாலை ஐந்தரை மணி இருக்கும். முன்னறையில் கம்ப்யூட்டரில் ஒரு கல்யாணப் புடவைக்கு முந்தானை டிசைன் போட்டு முடித்துவிட்டு, கண்ணெரிச்சலோடு எழுந்து, வழக்கம்போலப் பின்னறைக்கு வந்திருந்தான். நான்கடி நீளக் கண்ணாடித் தொட்டி, தண்ணீரை ஆழமாகக் காட்டும் நீல விளக்கு, பம்பின் மெல்லிய முனகல், உப்புத் தண்ணீர் தெறித்துக் காய்ந்து வெள்ளை பூத்துக் கிடக்கும் மூடி விளிம்பு, மழை நாட்களில் இன்னும் கூடுதலாக எழும் கடற்கரை வாடை எல்லாம் எப்போதும் போலத்தான் இருந்தன. நீளமான முட்களை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்த கறுப்புக் கடல் முள்ளெலியின் பக்கத்தில் பெண் மீன் தனியாக நின்றது. ஆண்தான் இடம் மாறியிருந்தது. தொட்டியின் பின் மூலையில், கண்ணாடியோடு மூக்கை ஒட்டிக்கொண்டு, அதற்கப்பால் இருந்த சுண்ணாம்புச் சுவரையே பார்த்து நின்றது.

சுவருக்கு அந்தப் பக்கம் அப்பாவின் அறை.

விரல் நகத்தால் கண்ணாடியைச் சுண்டினான். மீன் திரும்பவில்லை.

பங்காய் கார்டினல் என்று அதற்குப் பெயர். உள்ளங்கைக்குள் அடங்கும் வெள்ளி உடம்பு, குறுக்கே மூன்று கறுப்புப் பட்டைகள், வெண்புள்ளிகள் சிதறிய நீளத் துடுப்புகள். கடல் மீன் வீட்டுத் தொட்டியில் முட்டையிடுவதே அபூர்வம். இட்டாலும் தூசி அளவுக் குஞ்சுகளைப் பிழைக்கவைப்பது பெரும்பாடு. இந்த மீன் வேறு மாதிரி. பெண் இடும் முட்டைக் கொத்தை ஆண் தன் வாயில் வாங்கிக்கொள்ளும். வாங்கிய பிறகு வாயைத் திறக்காது. இரை தின்னாது. முட்டை பொரிந்த பிறகும் குஞ்சுகளை வாய்க்குள்ளேயே வைத்திருந்து, அவை தன்னைப் போலவே பட்டையும் புள்ளியுமாக முழு மீனாக ஆன பிறகுதான் வெளியே விடும். மூன்று வாரம், மூன்றரை வாரம்.

இன்று இருபத்தாறாவது நாள்.

அந்தக் கணக்குக்கு அவன் காலண்டரைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அதே கணக்கை வீட்டில் எல்லோரும் வைத்திருந்தார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து இன்றைக்குப் பத்து நாள். மீன் முட்டையை வாயில் வாங்கிய அன்றுதான், அதே மதியம்தான், அப்பா கலியாணசுந்தரம் இறந்துபோனார்.

செல்போன் அடித்தது. ஜான்சன். சென்னை கொளத்தூரில் வண்ண மீன் கடை வைத்திருப்பவர். இந்த ஜோடியை அவனுக்குத் தேடிப் பிடித்துக் கொடுத்ததே அவர்தான்.

"இன்னும் துப்பலையா தினா?"

"இல்ல ஜான்சன். இருபத்தாறு ஆவுது."

"லேட்டாச்சேப்பா. முழுங்கிட்டு சும்மா நிக்குதோ என்னமோ. வாய் உப்பிக்கினு இருக்குதா?"

"இருக்குது. போன வாரத்தவிட இன்னும் பெருசா இருக்குது."

ஜான்சன் கொஞ்சம் யோசித்தார். "அப்புறம் இன்னொன்னு கேக்கணும்னு இருந்தேன். வீடியோ போட்டியே, முட்டைய வாயில வாங்குறது. நம்ம குரூப்புல எல்லாரும் அதத்தான் பாத்துக்கினு இருக்காங்க. அதுல பின்னாடி யாரோ தட்டிக்கினே இருக்காங்களே, யாருபா அது?"

தினகரனின் காது மடல்கள் சூடாயின.

"பக்கத்து வீட்ல தறி ஓடுது."

"தறின்னா ஒரே சீரா கேக்குமேப்பா. இது நின்னு நின்னு கேக்குது. யாரையோ கூப்புடுற மாதிரி."

"தறிதான்," என்றான் தினகரன். பிறகு, யாரும் கேட்காமலே, "பழைய தறி," என்றும் சொன்னான்.

போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது மீன் அப்படியே நின்றது. அதன் கன்னம் மட்டும் மேலும் கீழும் அசைந்தது, வேகமாக, அவசரமாக, காற்றுக்குத் தவிக்கிற ஒன்றைப் போல.

அப்பா இறந்த அன்று புயல் கரை கடந்தது. காலை பதினோரு மணிக்கே பிள்ளையார்பாளையம் முழுக்கக் கரண்ட் போய்விட்டது. அவன் மனைவி அகிலா காந்தி ரோட்டில் புடவைக் கடை வேலைக்குப் போனவள், தெருவில் முழங்காலளவு தண்ணீர் என்று கடையிலேயே மாட்டிக்கொண்டாள். வீட்டில் அவனும் அப்பாவும்தான். அப்பாவுக்கு இரண்டு வருடமாக நுரையீரல் போய்விட்டிருந்தது. மூக்கில் பிளாஸ்டிக் குழாய், கட்டிலருகே 'புஸ்... டக்... புஸ்... டக்' என்று ஓயாமல் மூச்சு விடும் ஆக்சிஜன் மெஷின். கூப்பிடுவதற்குக் கூட அவரிடம் காற்று கிடையாது. ஏதாவது வேண்டுமென்றால், தலைமாட்டில் வைத்திருந்த நாடாவை, தறியில் ஊடை நூலை ஓட்டும் மரக்கட்டையை, எடுத்துச் சுவரில் தட்டுவார். அந்தக் கட்டை நாடாவின் சத்தம் வீடு முழுக்கக் கேட்கும். அந்த மெஷினுக்காகவே வாங்கிப் போட்டதுதான் இன்வெர்ட்டர். அதிலிருந்து யாருக்கும் தெரியாமல் தொட்டிக்கும் ஒரு வயர் இழுத்து வைத்திருந்தான் தினகரன்.

மதியம் இரண்டே முக்கால் மணிக்குப் பேட்டரியில் சிவப்பு விளக்கு சிமிட்ட ஆரம்பித்தது. அதே நேரத்தில்தான் தொட்டிக்குள் பெண் மீன் ஆணை ஒட்டி வந்து நின்று உடம்பு நடுங்கியது. எட்டு மாதமாக இதற்காகத்தான் காத்திருந்தான். விளக்கு அணைந்தால் இரண்டும் பிரிந்துவிடும். முட்டை தரையில் விழுந்து வீணாகும். மெஷின் ஓடினால் விளக்கு பத்து நிமிடம்கூடத் தாங்காது.

குளிக்க வைக்க, பாத்ரூம் கூட்டிப் போகப் பத்து நிமிடம் மெஷின் இல்லாமல் இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். கூடத்தில் சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று இருந்தது. அதைத் தூக்கிவந்து மாட்ட ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்தில் மீன் முட்டையிட்டுவிட்டால்?

மெஷினின் பிளக்கைப் பிடுங்கினான். அது கீச்சென்று கத்த ஆரம்பித்தது. பட்டனை அழுத்தி அதன் வாயை மூடினான். பத்தே நிமிடம் என்று சொல்லிக்கொண்டு, செல்போனோடு தொட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்தான்.

பத்து நிமிடம் நாற்பதாயிற்று.

கேட்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளக்கூட அவனால் முடியாது. கேட்டது. ஒவ்வொரு தட்டும் கேட்டது. ஆரஞ்சு நிற முட்டைக் கொத்து பெண்ணின் வயிற்றிலிருந்து பாதி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. ஆண் வாயைப் பிளந்துகொண்டு பக்கவாட்டில் வந்தது. அந்த நேரத்தில்தான் சுவரில் முதல் தட்டு. அவன் "இதோப்பா" என்றான். அதையும், வீடியோவில் தன் குரல் விழுந்து கெட்டுப்போகக் கூடாதென்று, உதட்டுக்குள்ளேயே சொன்னான்.

அவன் போனபோது அப்பா கட்டிலில் பாதி, வெளியே பாதி. நாடா பிடித்த கை சுவரோடு சாய்ந்திருந்தது. வாய் திறந்திருந்தது. தினகரன் முதலில் செய்தது, மெஷினின் பிளக்கை மறுபடி மாட்டியது. அதற்குப் பிறகுதான் அப்பாவைத் தூக்கி நேராகப் படுக்கவைத்தான். நாடாவை எடுத்து அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தான். நாசியிலிருந்த குழாயைச் சரி செய்தான். இனி எதையும் உள்ளே இழுக்காத அந்த மூக்குக்கு மெஷின் காற்றை ஊதிக்கொண்டே இருந்தது. புஸ். டக். அதன் பக்கத்தில் நின்றுகொண்டு அகிலாவுக்குப் போன் செய்தான்.

மூன்றாம் நாள், வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது, பாத்ரூமுக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அந்த வீடியோவைக் குரூப்பில் போட்டான். ஏன் போட்டான் என்று அவனுக்கே சொல்லத் தெரியாது. போடாமல் இருந்தால் அதுவும் வீணாகிவிடும் என்று தோன்றியது. எத்தனையோ பேர் பாராட்டி எழுதினார்கள். வெளியே ஒப்பாரி கேட்டுக்கொண்டிருக்க, ஒவ்வொன்றையும் படித்தான்.

அதைவிடப் பெரிய வெட்கம் ஒன்று இருந்தது. ஆரணியிலிருந்து அழுதுகொண்டே ஓடி வந்த அக்கா பெரியநாயகி அவன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், "கடைசியா எதுனா சொன்னாராடா?" அவன் யோசிக்கவே இல்லை. "என் கையப் புடிச்சிக்கினு, பெரியநாயகி வந்துட்டாளான்னு கேட்டாருக்கா," என்றான்.

அன்றிலிருந்து அக்கா, துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் அதைச் சொன்னாள்.

இருபத்தேழாம் நாள் காலையில் தொட்டித் தண்ணீர் இரண்டு விரற்கடை குறைந்திருந்தது. ஒழுகவில்லை. அடியில் துணி போட்டுப் பார்த்தான். துணி காய்ந்தே கிடந்தது. உப்புக் கலந்து தண்ணீர் ஊற்றி நிரப்பினான். சாயங்காலம் மறுபடி இரண்டு விரற்கடை.

அகிலா அப்பாவின் அறையைப் பெருக்கப் போனவள் வாசற்படியில் வந்து நின்றாள். "ஏங்க, மாமா ரூம்ல சுவரு ஊறிக்கினு இருக்குது. உங்க தொட்டி ஒழுவுதா?"

"மழை ஈரம்."

"மழை நின்னு பத்து நாள் ஆவுது."

அவள் கடைக்குப் போன பிறகு உள்ளே போய்ப் பார்த்தான். காரியம் முடிந்து வெள்ளையடித்த சுவரில், கட்டிலின் தலைமாட்டுக்கு நேராக, ஈரம் வட்டமாகப் படர்ந்திருந்தது. வட்டத்தின் ஓரம் முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். சமையலுப்பில்லை. கசப்பு கலந்த கடலுப்பு. குனிந்தபோது அந்த அறையிலிருந்து போகவேண்டிய வாடை போகாமல் இருப்பது தெரிந்தது. யூகலிப்டஸ் தைலமும் ரப்பர் குழாயும் நோயாளியின் வியர்வையும் சேர்ந்த வாடை. அதோடு இப்போது மீன் வாடையும். கட்டிலில் விரித்திருந்த புதுப் பாயைத் தொட்டான். நடுவில் குளிர்ந்து ஈரமாக இருந்தது. ஒருவர் உட்கார்ந்து எழுந்த அளவுக்கு.

கதவைச் சாத்திவிட்டு வந்தான். மெஷினை ஐந்தாம் நாளே வாடகைக் கடைக்காரர் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவன்தான் ஆட்டோவில் ஏற்றிவிட்டான்.

புஸ், என்றது சுவருக்கு அந்தப் பக்கம்.

அது பம்பின் சத்தம் என்று நினைத்துப் பம்பை நிறுத்தினான். தொட்டி அடங்கியது. தண்ணீர் அசைவு நின்று, முள்ளெலியின் முட்கள் ஆடுவது நின்று, வீட்டில் எதுவுமே ஓடாத அந்த அமைதியில், எங்கோ தெருக்கோடியில் ஒரு தறி மட்டும் சீராக அடித்துக்கொண்டிருக்க, அவன் காத்திருந்தான்.

டக்.

பம்பை அவசரமாகப் போட்டான்.

அதற்குப் பிறகு மீனின் கன்னம் அசைவதை எண்ணாமல் இருக்க முடியவில்லை. வாட்சை வைத்துக்கொண்டு எண்ணினான். நிமிடத்துக்கு முப்பத்தெட்டு. மறுபடி எண்ணினான். முப்பத்தெட்டு. வீட்டுக்கு வந்துபோகும் நர்ஸ் ஒரு சின்ன நோட்டில் தேதி போட்டு அப்பாவின் மூச்சை எழுதிவைக்கச் சொல்லியிருந்தாள். கடைசிப் பக்கத்தில் அவன் கையெழுத்திலேயே இருந்தது அதே எண்.

மீன் இளைக்கவில்லை. இருபத்தேழு நாள் தின்னாத மீன் ஊசியாகப் போயிருக்க வேண்டும். இது பருத்திருந்தது. தாடை இரண்டு பக்கமும் புடைத்து, தோல் கண்ணாடிபோல் மெலிந்து, உள்ளே கறுப்பாக எதுவோ நெளிவது தெரிந்தது. அப்போதும் அது சுவரையே பார்த்தது.

அன்று மாலை இயர்போனை மாட்டிக்கொண்டு வீடியோவை ஓடவிட்டான். அவனுக்கு நன்றாக நினைவிருந்தது, மொத்தம் ஐந்து தட்டு. எண்ணினான். ஒன்பது.

மறுநாளும் பார்த்தான். பார்க்கக் கூடாதென்று நினைத்துக்கொண்டேதான் எடுத்தான். பதினான்கு. பதினான்காவது தட்டுக்குப் பிறகு, "இதோப்பா" என்று அவன் குரல். உதட்டுக்குள் சொன்னது. விழவே கூடாதென்று சொன்னது. தெளிவாக, பொறுமையில்லாமல், எரிச்சலோடு விழுந்திருந்தது. அப்படியா சொன்னேன் என்று தலையைக் குனிந்துகொண்டான். அப்படித்தான் சொன்னான்.

இருபத்தொன்பதாம் நாள், தட்டுகளை அவன் எண்ணவில்லை. அவன் குரலுக்குப் பிறகு இன்னொன்று இருந்தது. சுவருக்கு அப்பாலிருந்து இல்லை. போனுக்குப் பக்கத்தில். அவன் தோளுக்கு மேல். ஒருவர் மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம். நீளமாக. நெஞ்சு நிறைய.

வெளியே விடும் சத்தம் வரவே இல்லை. வீடியோ முடிந்துவிட்டது.

அதை அழித்தான். அழித்து என்ன பயன். முந்நூறு நானூறு பேர் கையில் அது இருந்தது.

முப்பதாம் நாள் மாசிகம். அக்கா முந்தைய தினமே பஸ் ஏறி வந்துவிட்டாள். காலையில் ஐயர் வந்து மந்திரம் சொல்ல, தினகரன் ஈர வேட்டியோடு உட்கார்ந்து பிண்டம் பிடித்தான். "அப்பான்னா அவனுக்கு உசுரு," என்று பின்னால் அக்கா யாரிடமோ சொன்னாள். "கடைசி வரைக்கும் கைய விடலயே இவன்."

பந்தியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, வடையைப் பிய்த்து அவன் இலையில் வைத்தாள். "தினா, நான் ஒன்னு கேப்பேன், தப்பா நினைக்காத. பெரியநாயகி வந்துட்டாளான்னு கேட்டாரே, அப்ப அவரு மூஞ்சி எப்டி இருந்துது? கஷ்டப்பட்டாரா?"

வாயில் போட்ட சோறு உள்ளே இறங்கவில்லை. மெல்லவும் முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினான். இல்லை என்று.

"அது போதும்டா எனக்கு," என்றாள் அக்கா. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீ இருந்தியே. அது போதும்."

அவன் எழுந்து போய்ப் புழக்கடையில் சோற்றைத் துப்பினான்.

நான்கு மணிக்குள் உறவினர்கள் கிளம்பிவிட்டார்கள். வெயில் சுருங்கி, வீட்டுக்குள் மங்கல் சேர ஆரம்பித்தது. ஏகாம்பரநாதர் கோயில் பக்கமிருந்து மணிச் சத்தம் காற்றில் வந்து வந்து போயிற்று. அப்பா அறையில் விளக்கேற்ற வேண்டும் என்று அக்கா எண்ணெயும் திரியும் எடுத்துக்கொண்டு போனாள். தினகரன் பின்னறைக்கு வந்தான்.

ஆண் மீன் திரும்பியிருந்தது.

முள்ளெலிக்குப் பக்கத்தில், தன் பழைய இடத்தில் நின்றது. கன்னங்கள் ஒட்டிப்போயிருந்தன. வயிறு உள்வாங்கி, எலும்பும் தோலுமாக, முப்பது நாள் பட்டினி கிடந்த மீனாக இருந்தது. இரையைத் தூவினான். பாய்ந்து பாய்ந்து தின்றது. வாய் காலி.

குஞ்சுகள் எங்கே?

முட்களுக்கு நடுவே தேடினான். அங்கேதான் ஒளியும் என்று ஜான்சன் சொல்லியிருந்தார். இல்லை. பாறைகளைத் தூக்கிப் பார்த்தான். பம்பின் பஞ்சைப் பிழிந்து பார்த்தான். டார்ச் அடித்து மூலை மூலையாகத் தேடினான். நாற்பது குஞ்சு இருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லை. தாய் தின்றிருந்தால் அதன் வயிறு காட்டிக்கொடுக்கும். பெண்ணின் வயிறு தட்டையாகத்தான் இருந்தது. இரண்டு மீன்களும் அவனைப் பார்த்து நின்றன. தண்ணீர் மட்டும் நான்கு விரற்கடை குறைந்திருந்தது.

"ஏங்க."

அகிலா கதவருகே நின்றாள். கையில் செல்போன். அதில் அந்த வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அனுப்பியிருக்கிறார்கள்.

"என்கூட வேல பாக்கறவளோட தம்பி மீன் வளக்கறான். உங்க வூட்டுக்காரர் வீடியோவாமேன்னு அனுப்புனா." அவள் குரல் உயரவில்லை. "இதுல தேதி இருக்குது. மணி மூணு இருபது. அன்னைக்கு ஊரே இருட்டு. இந்த விளக்கு எப்டி எரிஞ்சுது?"

அவன் டார்ச்சை அணைத்தான்.

"இன்வெர்ட்டர்ல நாலு மணி நேரத்துக்கு மேல எதுவும் ஓடாதுன்னு நீங்கதான் சொல்லுவீங்க. மாமா மெஷினும் ஓடி, இதுவும் ஓடுச்சா?"

"அகிலா..."

"தட்டுறது மாமாதான?"

இத்தனை நாள் அவன் மனதுக்குள் இதை எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தான். பத்து நிமிடம், டாக்டர், சிலிண்டர், பேட்டரி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் அடுக்கி வைத்திருந்தான். வந்தது வேறு.

"நான்தான் பிளக்கப் புடுங்குனேன். அவரு தட்டுனது கேட்டுது. நான் போவல."

அகிலா போனை அணைத்தாள். அழுவாள் என்று நினைத்தான். அவள் அவனை, முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுக்குள் நிற்பதைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"அக்காகிட்ட சொல்லுங்க," என்றாள். "இப்பவே. அவங்க அந்தப் பொய்ய ஊரெல்லாம் சொல்லிக்கினு இருக்காங்க. நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

"சொல்றேன்."

"வாங்க."

கூடத்தைக் கடந்தார்கள். பதினைந்து அடி. தரை ஈரமாக இருந்தது. அப்பாவின் அறைக் கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் மெல்லிய நாக்காக வெளியே வந்திருந்தது. கால் பட்ட இடம் பிசுபிசுத்தது. உள்ளே அக்காவின் குரல் கேட்டது. பூஜை மந்திரமில்லை. பேச்சு.

"கேக்குதுப்பா," என்றாள் அக்கா. "மெதுவா. அவசரமே இல்ல."

தினகரன் கதவைத் தள்ளினான்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அக்கா கட்டிலோரம் மண்டியிட்டிருந்தாள். முதுகு இவர்கள் பக்கம்.

கட்டிலில் அப்பா உட்கார்ந்திருந்தார்.

எப்போதும் உட்காருவதுபோல. இரண்டு கையும் முழங்கால்மேல். உடம்பு முன்னால் சாய்ந்து. மூக்கில் குழாயில்லை. நெஞ்சு அசையவில்லை. இடுப்பு வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டியது. வாய் இறுக மூடியிருந்தது. இரண்டு கன்னமும் புடைத்திருந்தன. தோல் பளபளவென்று இழுத்துக் கட்டியதுபோல். அந்தத் தோலுக்கு அடியில் ஏதோ ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் நகர்ந்தது. அடங்கியது. மறுபடி நகர்ந்தது.

அகிலாவின் விரல்கள் அவன் கையில் பதிந்தன. நகம் இறங்கியது. அவளும் பார்த்தாள்.

"வந்துட்டியா தினா," என்றாள் அக்கா, திரும்பாமலே. சின்னப் பிள்ளைபோல் சந்தோஷமான குரல். "அப்பா என்னமோ சொல்லணுமாம். இவ்ளோ நேரமா சொல்ல வர்றாரு. வா. நீயும் கேளு."

அவள் எக்கி, தன் காதை அவர் உதட்டோடு வைத்தாள்.

அக்கா, வேணாம். சொல்ல நினைத்தான். நாக்கு அசையவில்லை.

அப்பாவின் கண்கள் அவன்மேல் இருந்தன. கோபம் இல்லை. அது கொஞ்சமும் இல்லை. ஒன்றைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டவரின் அலுப்பு மட்டும்.

உதடுகள் விலகின.

சொல் வரவில்லை. கடல் தண்ணீர் ஒரு கோடாக வழிந்து அக்காவின் தோளை நனைத்தது. அவள் நகரவில்லை. காதை இன்னும் அழுத்தினாள். பற்களுக்குப் பின்னால் இருட்டு. இருட்டுக்குள், ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, சின்னச் சின்னக் கண்கள். நாற்பது ஜோடி. அக்காவின் காது அவ்வளவு அருகில் இருந்தும் ஒன்றுகூட அவளைப் பார்க்கவில்லை.

அவனைப் பார்த்தன. வாய் இன்னும் திறந்துகொண்டே இருந்தது.